கரை ரோட்டில் இடது ஓரம்

முத்துப்பேட்டை,

இன்று காலை மன்னார்குடி குடோனில் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தபோது புது வைக்கோல் வாசனை ஷட்டர் வழியாக உள்ளே வந்தது. சம்பா அறுப்பு ஆரம்பித்துவிட்டதடி. மற்றவர்களுக்கு நல்ல வாசனை. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். போன வருஷம் நீ போன அன்றும் ஊர் முழுக்க இதே வாசனைதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை பர்வீன், நாம் படித்த அதே தஞ்சாவூர் டிரைவிங் ஸ்கூலில் படித்து சர்டிபிகேட் வாங்கி, நம் கம்பெனியிலேயே டெலிவரி வேன் ஓட்ட வந்து நிற்கிறாள். இன்றைக்கு ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அனுப்பினார் மேனேஜர். "சாயங்காலம் வந்து சொல்லுங்க, நாளைலேர்ந்து இந்தப் பொண்ணைத் தனியா அனுப்பலாமா வேணாமான்னு. நீங்க சொல்றதுதான் முடிவு" என்றார். எப்படி இருக்கிறது பார். இத்தனை பேர் இருக்கும்போது என் தலையில்தான் வந்து விடிய வேண்டுமா?

உன் உம்மா நேற்றே போன் பண்ணிவிட்டார். "ஒண்ணைக் கொடுத்தது போதும். வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடும்மா." பர்வீனோ வண்டியில் ஏறும்போதே, "அக்கா, உம்மா பேச்சைக் கேட்டு என் வேலையைக் கெடுத்துடாதீங்க" என்கிறாள். அந்த மூக்கு நுனிக் கோபம் அப்படியே உன்னுடையது.

அந்த ஸ்கூலைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு நிலையான எண்ணம் இல்லை. ஒரு நாள் கையெடுத்துக் கும்பிடுகிறேன், மறுநாள் திட்டித் தீர்க்கிறேன். ஹாஸ்டலில் முதல் நாள் என் பேரைக் கேட்கிற பொறுமைகூட உனக்கு இல்லை. "ஏ வலங்கைமானு, அந்த வாளிய இப்படித் தள்ளு" என்றாய். அன்றிலிருந்து நான் வலங்கைமான், நீ முத்துப்பேட்டை. காலையில் எழுந்தால் தார் போட்ட மைதானம், வெள்ளைக் கோடு, ஆரஞ்சுக் கூம்பு. நீ ஒரு கூம்பையும் தொடாமல் வளைந்து வளைந்து ரிவர்ஸ் எடுப்பாய். நான் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு வந்து நிற்பேன். "கூம்பு மேல உனக்கு என்னடி அவ்வளவு ஆத்திரம்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். எதிரே பெரிய வண்டி வந்தால் வேகத்தைக் குறை, இடது ஓரம் ஒதுங்கு, வழி விடு என்று சார் போர்டில் படம் போட்டுக் காட்டுவார். நீ தலையாட்டிக்கொண்டே கேட்பாய். நான் கொட்டாவி விடுவேன்.

நல்லபடியாகப் படித்தவள் நீ. அதுவே உனக்கு வினையாகப் போயிற்று.

இந்தப் பக்கத்து ஆற்றங்கரை ரோடுகளில் வழக்கம் வேறு. இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிட்டால் யாரும் ஓரத்தில் இறங்க மாட்டார்கள். யாருக்கு மதகு கிட்டத்தில் இருக்கிறதோ அவர் ரிவர்ஸிலேயே போய், மதகடியில் அகலமாகக் கட்டியிருக்கும் இடத்தில் நின்று வழி விடுவார். எங்கள் அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறவன், அதனால் எனக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். நீ வளர்ந்த கடைத்தெருவில் ஏது கரை, ஏது மதகு? அன்று எதிரே அறுப்பு மெஷின் வந்தது. மேலே உட்கார்ந்திருந்தவன் கையை ஆட்டி ஒதுங்கு, ஒதுங்கு என்றான். நீ இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, மைதானத்தில் செய்தது போலவே வேனை இடது ஓரம் இறக்கினாய். மேலே பச்சைப் புல், பார்க்கத் தரை மாதிரிதான் இருக்கும். உள்ளே முழுக்க எலி வளையும் நண்டு வளையும். கரை சரிந்துவிட்டது. ஆற்றில் அப்போது ஆள் முழுகுகிற தண்ணீர். வண்டி முழுகிய பிறகும் அந்த இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்ததாம்.

இதைச் சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. "ஸ்கூல்ல படிச்சுட்டு வந்தா இப்படித்தான், கிளீனரா இருந்து கத்துக்கணும்" என்று டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம். கிளீனராக இருந்து கற்றவர்கள் யாரும் ஆற்றில் விழவில்லையா? சீட் பெல்ட் போடாமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டிப் போய்ச் சேர்ந்தவர்களை எந்த ஸ்கூல் அனுப்பியது? பெண்களான எங்களை எந்த லாரிக்காரர் கிளீனராகச் சேர்த்துக்கொண்டிருப்பார், சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன். அந்த ஸ்கூல் இல்லாவிட்டால் நான் இன்றும் ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் சார் உன் வீட்டுக்கு வந்தபோது அவரையும் நான் விடவில்லை. "ஒரே ஒரு நாள் கரை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே சார்." அவர் செருப்பைக்கூடப் போடாமல் வாசலில் நின்றார். "சிலபஸ்ல அது இல்லம்மா" என்றார். கண் கலங்கித்தான் இருந்தது. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

இன்றைக்கு என்ன நடந்தது என்று கேள். பர்வீன் நன்றாகத்தான் ஓட்டினாள். கரையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தது. உடனே இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடி பார்த்தாள். இடது பக்கம் ஒடித்தாள். நான் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றது. அவளுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. "லாத்தாவும் இப்படித்தான் ஒதுக்கினாளாக்கா?" என்று கேட்டாள். அவள் வாயில் உன்னை லாத்தா என்று கேட்டு ஒரு வருஷம் ஆயிற்றடி. ஆமாம் என்றேன். டிராக்டர்காரர் நல்ல மனுஷன், தானே மதகுக்குப் பின்வாங்கினார். அவர் போன பிறகு அவளை இறக்கி, ஓரத்துப் புல்லில் ஒரு கம்பைக் குத்தச் சொன்னேன். கம்பு சரசரவென்று உள்ளே போயிற்று. மதகு வழக்கத்தையும் சொன்னேன். அவள் கம்பை உருவி இன்னும் இரண்டு இடத்தில் தானே குத்திப் பார்த்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அதே கரையில் திரும்பும்போது அறுப்பு மெஷின். என் கை தானாக ஸ்டியரிங் பக்கம் போயிற்று. பர்வீன் அதற்குள் நடுரோட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினையும் அணைத்துவிட்டாள்.

"ஏம்மா, ஒதுங்கும்மா. நடுவுல வச்சிக்கிட்டு நின்னா எப்படி?" என்று மேலேயிருந்து சத்தம் போட்டார் மெஷின்காரர்.

"மதகு உங்களுக்குத்தான் கிட்ட இருக்குண்ணே. நீங்கதான் பின்னாடி போகணும்."

"மெஷினை ரிவர்ஸ் எடுக்குறது என்ன விளையாட்டா? கொஞ்சம் ஓரம் இறக்கேன்."

"இறக்க மாட்டேண்ணே. நீங்க எடுங்க, நாங்க நிக்கிறோம்."

எங்கள் பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன. ஒருவன் பொம்பளைகளுக்கெல்லாம் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்றான். பர்வீன் சாவியைத் தொடவில்லை. மெஷின்காரர் ஏதோ முனகிக்கொண்டே பின்னால் எடுக்க ஆரம்பித்தார்.

நான் அழுதுவிட்டேன். "ஏங்க்கா அழுறீங்க? சரியாத்தானே பண்ணேன்?" என்றாள். சரியாகத்தான் செய்தாள். நீயும் இப்படி ஒரு தடவை மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமேடி. யார் கை காட்டினாலும் ஒதுங்கித்தான் போக வேண்டுமா?

சாயங்காலம் மேனேஜரிடம், அனுப்பலாம் சார் என்றேன். உம்மாவுக்கும் நானே போன் பண்ணிச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். செய்தது சரியா தப்பா என்று இதை எழுதும்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு அவளுக்குக் கரை ரூட், எனக்கு டவுன் ரூட். கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாலும், அவள் கரையை விட்டு இறங்கிவிட்டேன் என்று போன் பண்ணுகிற வரைக்கும் என் கால் பிரேக்கை அழுத்திக்கொண்டுதான் இருக்கும்.

வலங்கைமான்