ஏரிச் சுற்றின் மிச்சம்

என் ஆசை அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக, அம்மாவின் கனவில் போய் உளறிவிடாதீர்கள். பிறந்தநாள் கேக்கை ஒளித்து வைத்துவிட்டு, நான் வாசலில் கால் வைத்ததுமே "பாப்பா, அலமாரியத் தொறந்துறாத" என்று சொன்ன ஆள்தானே நீங்கள்?

உள்ளறையில், போர்வைக்குள், செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. விடிந்தால் உங்கள் பெயரில் ஓட்டம். குதிரைக்காரர்களும் படகுக்காரர்களும் எங்கள் பள்ளியும் சேர்ந்து நடத்துகிறார்கள். சேருகிற பணத்தில் ஏரிக்கரையில் வேலை செய்கிற எல்லோருக்கும் நெஞ்சுப் பரிசோதனை செய்யப்போகிறார்களாம். உங்களுக்கு யாராவது முன்னாலேயே அப்படிப் பார்த்திருந்தால்?

பேனரில் உங்கள் பாதி முகம்தான் இருக்கிறது. தனிப்படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. மீதிப் பாதியை ரோசியின் காது மறைக்கிறது. "குதிரை படம் நல்லா விழுந்துருக்குல்ல?" என்றார் சகாயம் சித்தப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார். ரோசி இப்போது அவரிடம்தான் இருக்கிறது. கவலைப்படாதீர்கள், கொழுத்துவிட்டது.

நான் பெயர் கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது. முன்பு ஓடட்டுமா என்று கேட்டபோது, சோளம் உரித்துக்கொண்டே சொன்னது: "அந்தக் குதிரை கூட ஓடி ஓடித்தான் ஒரு உசுரு போச்சு. இன்னொண்ணையும் குடுக்கச் சொல்றியா? வேற சோலி இருந்தாப் பாரு." நீங்கள் சரிந்து விழுந்த அந்த வளைவு வழியாக அம்மா இன்னும் போவதில்லை, அப்பா. சோள வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரியை மறுபக்கமாகச் சுற்றித்தான் வருகிறது.

எனக்கும் அந்த வளைவுதான் பயம். பள்ளியில் பயிற்சிக்காக ஏரிக்குக் கூட்டிப் போகிறார்கள். மூச்சு நன்றாகத்தான் இருக்கும். மரங்கள் ஏரிப்பக்கம் சாய்ந்து நிற்கும் அந்த இடம் வந்ததும் கால் தானாக நின்றுவிடும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்களுக்கும் இப்படித்தான் அடித்ததா? ஒருநாள்கூட நான் அதைத் தாண்டி ஓடியதில்லை. நாளைக்கு ஊரே பார்க்கும். உங்கள் மகளே உங்கள் ஓட்டத்தில் பாதியில் நின்றால்?

இன்னொரு கூத்தும் இருக்கிறது. நான் ஓடும்போது என் வலது கை அசைவதே இல்லையாம். பி.டி. மிஸ்தான் கண்டுபிடித்தார். "ஸ்டெல்லா, அந்தக் கையில என்னம்மா பிடிச்சிருக்க? வீசி ஓடு!"

"குதிரைக் கயிறு மிஸ்!" என்று பின்னாலிருந்து கிஷோர் கத்தினான். "ஏய், குதிரைய எங்க விட்டுட்டு வந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவன் சொன்னது சரிதான். சவாரி இல்லாத நேரங்களில் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் வருவீர்களே, அப்படித்தானே நான் ஓடக் கற்றேன்? கையை வீசி ஓடிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. கை வெறுமையாக இருந்தால் கால் யாரோடு ஓடும்?

நேற்று மாலை குதிரை ஸ்டாண்டுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் வளைவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ரோசியும் அங்கன நிக்கும் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது, அப்பா.

"அன்னைலருந்து தெனமும் நிக்கும். சவாரி வந்த பிள்ளைங்க கேக்கும், ஏன் அங்கிள் நின்னுருச்சுன்னு. அதோட மொதலாளிக்கு வணக்கம் சொல்லுது தம்பின்னுவேன். நான் கயித்த இழுக்க மாட்டேன். ஒரு தடவ மூச்சு விடும். அப்புறம் அதுவாவே நடக்கும்."

பிறகு, இதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அன்றைக்கு நீங்கள் கீழே உட்கார்ந்தபோது ரோசியின் மேல் மதுரையிலிருந்து வந்த ஒரு சின்னப் பையன் இருந்தானாம். "பிள்ளைய மொத எறக்குங்கப்பா" என்றீர்களாம். அவனை இறக்கும்வரை கயிற்றை விடவில்லையாம்.

அந்தப் பையன் மீதிச் சுற்றை முடித்திருக்க மாட்டான், இல்லையா? நீங்களும் முடிக்கவில்லை. வளைவிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் அந்தச் சுற்றின் மிச்சம் இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். முதல்முறையாக அந்த இடத்தை நினைத்தபோது நெஞ்சு அடிக்கவில்லை.

இப்போது வேறு பயம். என் சாக்ஸைக் காணோம். பயிற்சியில் நனைந்ததைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இந்தப் பனியில் எது காய்கிறது? சாயந்திரம் கையை விட்டுப் பார்த்தால் இல்லை. அம்மா எடுத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டின்போது என் முகத்தையே பார்த்தது. காலையில் கதவைப் பூட்டிவிடுமோ?

பூட்டினாலும் கெஞ்சிப் பார்ப்பேன். சாக்ஸ் இல்லாவிட்டாலும் ஓடுவேன். ஜெயிக்கமாட்டேன், அப்பா, அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வளைவு வந்ததும் ரோசி மாதிரி நிற்பேன். யார் என்ன கத்தினாலும் நிற்பேன். ஒரு மூச்சு விட்டு, உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வலது கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் விட்டுப்போன மிச்சத்தை ஸ்டாண்டு வரை ஓடி முடிப்பேன். இது சத்தியம். நீங்கள் வழக்கம்போல் பின்னால்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான்.

"ஏட்டி பாப்பா, கதவத் தொற. அடுப்புக்கிட்ட போட்டுருந்தேன், சாக்ஸ் காஞ்சிருச்சு. வெள்ளனே எந்திரிக்கணும்ல? நானும் வளைவு வரைக்கும் வாறேன்."

உங்கள் மகள்,
ஸ்டெல்லா