மருந்துக்குக் கேட்காத இருமல்

காலை ரயில் மாரிகுப்பத்தை விட்டு நகர்ந்ததும் இன்ஹேலரை எடுத்து ஒருமுறை இழுத்தேன். தொண்டையில் அந்தக் கசப்பு இறங்கியது. சற்று நேரத்தில் நெஞ்சு லேசாகிவிட்டது. பக்கத்தில் நீ உட்காரும் சன்னலோர இடம். கூட்டம் ஏறும்வரை என் துப்பட்டாவைப் போட்டு வைத்திருக்கிறேன். என் இரைப்பு அடங்கும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது. அப்போது இந்த மருந்தின் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

இதே ரயிலில்தான் இருவரும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தோம். இருவர் கையிலும் ஒரே மாதிரி நீல இன்ஹேலர் டப்பா. எனக்கு விசில் அடிக்கும் இரைப்பு. உனக்கு வெறும் வறட்டு இருமல். "இன்னாடி இது? நீ ஒரு தபா இழுத்தா செரியாவுது. நான் டப்பாவையே காலி பண்ணாலும் நிக்க மாட்டேங்குது" என்று சிரிப்பாய்.

நம் ஊரில் யார் இருமினாலும் அதற்குப் பெயர் மைன்ஸ் இருமல்தான். தங்கச் சுரங்கத்தில் பாறைத் தூசி தின்ற உன் அப்பாவின் இருமல் உனக்கும் வந்துவிட்டதாகத் தெருவே சொன்னது. "ரத்தத்துல வந்தது, இன்னா பண்றது" என்று உன் அம்மாவும் ஓய்ந்துவிட்டார். "நான் எந்த லெவல்ல எறங்கினேன், சொல்லுங்க?" என்று கேட்பாய். சுரங்கக் கூண்டில் ஒருநாளும் கால் வைக்காதவள் நீ.

பெங்களூர் டாக்டர்தான் கடைசியில் சொன்னார்: இதுவும் ஆஸ்துமாதான், இரைப்பே இல்லாமல் வருவது, வழக்கமான மருந்துக்கு அது கேட்கவில்லை. அளவைக் கூட்டினார்கள். மாத்திரை உன் முகத்தை வீங்க வைத்தது, இருமலைத் தொடவில்லை. "டாக்டருக்கு இரைப்பு கேக்கல. இருமலு மருந்துக்குக் கேக்கல. என் நெஞ்சுல யாருக்கும் ஒண்ணும் கேக்கல, போடி" என்றாய். அன்று நான் சிரித்தேன்.

போன ஆடியில் உனக்கு மூச்சு அடைத்தபோதும் சத்தமே வரவில்லையாம். பக்கத்து அறையில் இருந்த உன் அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. காலையில் எழுப்ப வந்தபோதுதான் நீ இல்லை என்று தெரிந்ததாம்.

இன்று சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு தெரிந்ததும் எட்டிச் சன்னலை மூடினேன். எதிரில் புதிதாக வந்த பெண், "தொறங்கக்கா, காத்து வரட்டும்" என்றாள்.

"தூசி வந்தா அவளுக்கு ஆவாது" என்றேன்.

"யாருக்குக்கா?" என்று அவள் காலி இடத்தைப் பார்த்தாள்.

அங்கே கிடந்த துப்பட்டாவை நன்றாக விரித்துவிட்டேன். சன்னலைத் திறக்கவில்லை.