மோரா: சொன்னவர் பெயர்

9 நவம்பர் 1971, செவ்வாய்

இன்று அண்ணி நேவென்காவிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இங்கேயாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரமாகப் பேனாவைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் மேலிருந்து கூப்பிட்டாள். அண்ணன் ஃபிரானே கப்பலுக்குப் போனதிலிருந்து மேல்மாடியில் அவளும் பத்து நாள் குழந்தையும்; கீழே நான். குழந்தையின் சட்டையை விலக்கிக் காட்டினாள். பெண் குழந்தைதான், ஆனாலும் பத்து நாளில் மார்பு வீங்குமா? இரண்டு பக்கமும் பாதாம் கொட்டை அளவு. ஒரு நுனியில் சொட்டுப் பால் நின்றது.

பக்கத்து வீட்டுப் பெரீனா அத்தை தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, மீன் விலை சொல்வதைப்போலச் சொன்னாள்: "மோரா வந்து குடிக்குது."

"வெள்ளிக்கிழமை படகுல டாக்டர் வருவாரு, காட்டலாம்" என்றேன்.

"அவரு வர்றதுக்குள்ள அது இன்னும் மூணு தடவை குடிச்சுட்டுப் போயிடும்."

நேவென்கா என் பக்கம் திரும்பினாள். "நீதானே அகராதிக்கு எழுதறவ. பெட்டி பெட்டியா சொல் எழுதின அட்டை வெச்சிருக்கே. மோரான்னா என்ன, சொல்லேன்."

சொன்னேன். தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி அழுத்துவது. சாவித்துளை வழியாக நுழைவது. பச்சைக் குழந்தையின் மார்பில் பால் குடிப்பது. பேயல்ல, உயிரோடு நடமாடும் ஒரு பெண்தான். பகலில் அவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

"யாரு அப்படி ஆவாங்க?"

அதற்கு அத்தைதான் பதில் சொன்னாள். "சிவப்புச் சட்டையோட பிறக்கிறவ. உடம்பு பூரா ரத்தச் சவ்வு ஒட்டிட்டு வரும். பிரசவம் பார்த்தவ அப்பவே வாசப்படிக்கு வந்து தெருவுக்குக் கத்திச் சொல்லிடணும். சொல்லிட்டா ஒண்ணுமில்ல. மறைச்சாத்தான் வினை."

நான் சொல்லாதது இது. போன குளிர்காலம், மருத்துவமனையில், அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ சிவப்புச் சட்டையோடதான் பிறந்தே. பிரசவம் பார்த்த சித்தி கதவைத் திறக்கல. வீட்டுல கல்யாணத்துக்கு மூணு பொண்ணுங்க இருந்தாங்க." பிறகு தண்ணீர் கேட்டாள். சித்தியும் இல்லை, அம்மாவும் இல்லை. இனி அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

டிசம்பர் 12 குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய்க்கப்போகும் ஒரே குழந்தை இவள்தான் என்று ஏனோ பிறந்த அன்றே தோன்றிவிட்டது.

11 நவம்பர்

காலையிலிருந்து 'மோரா' அட்டைகள். அகராதி அலுவலகம் 'ம' வரிசையை எனக்கு அனுப்பியது தற்செயல்தான்.

எங்கள் தீவுக்கு எதிர்க்கரை இத்தாலியருக்கு மோரா என்றால் முள்வேலியில் பழுக்கும் கறுப்புப் பழம். லத்தீனில் தாமதம். எபிரேயத்தில் அச்சம். செக் நாட்டில் முதல் எழுத்தைச் சற்று மாற்றி, விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சி. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கெட்ட கனவுக்கு வைத்திருக்கும் சொல்லின் பின்பாதியில், 'மேர்' என்றும் 'மார்' என்றும், அவளே உட்கார்ந்திருக்கிறாள். இந்தியாவின் பழைய மொழிகளில் மாரா என்றால் சாவு. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவனுக்கும் அதே பெயர். எங்கள் மொழியிலேயே அந்த ஓசைக்கு இன்னொரு பொருள் உண்டு: 'ஆகவேண்டும், வேறு வழியில்லை.'

பெரும்பாலானவை உறவே இல்லாதவை. வெவ்வேறு வேர், வெவ்வேறு ஊர். எங்களுடையதும் செக், ஆங்கிலேய, பிரெஞ்சு வடக்கத்தியருடையதும் மட்டும் ஒரே பழைய வேர். அந்த வேருக்கு 'நசுக்கு' என்று பொருளா, 'சாவு' என்று பொருளா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மற்றவை அந்நியர்கள், முகம் மட்டும் ஒன்று. ஆனால் ஒரே முகத்தை ஏழெட்டு ஊர் ஜன்னல்களில் பார்த்தால் அந்நியர் என்று நினைத்துக்கொண்டு நடந்துபோக முடியுமா?

எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குப் பெரீனா அத்தையிடம் கேட்டதை அப்படியே எழுதினேன்: "மோரா அழுத்தினா, 'காலையில வா, ரொட்டியும் உப்பும் தர்றேன்'னு சொல்லணும். காலையில முதல்ல வந்து கேக்கிறவதான் அவ."

நல்ல வாக்கியம். கையெழுத்தும் அழகாக வந்தது.

12 நவம்பர்

டாக்டர் வந்தார். தாயின் ரத்தத்திலிருந்து வருவது, பிறந்த குழந்தைகளுக்குச் சகஜம், அமுக்கக் கூடாது, மூன்று நான்கு வாரத்தில் தானே வடியும் என்றார். நேவென்கா தலையாட்டினாள். அவர் படி இறங்கியதும், "பாவம், ரொம்ப படிச்சவரு" என்றாள்.

15 நவம்பர்

கனவு. தொட்டில் மெத்தையின் அடிப்பக்கத்தைக் கீழேயிருந்து பார்க்கிறேன். நீலத் துணியில் முடிந்த பூண்டு.

17 நவம்பர்

நேவென்கா மெத்தையை வெயிலில் போட எடுத்தபோது நான் மறுமுனையைப் பிடித்தேன். நீலத் துணி முடிச்சு ஒன்று தரையில் விழுந்தது. பூண்டு வாசனை.

"இது எப்போ வெச்சே?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அத்தைகிட்ட சொல்லிடாதே, தன் பேச்சு பலிச்சிடுச்சுன்னு ஊரெல்லாம் கொட்டடிப்பா."

ஞாயிறு விடிந்தால் திங்கள். என் கனவு அந்த இரவுதான். அந்த அறைக்கு வெள்ளிக்குப் பிறகு நான் போகவே இல்லை. போகவில்லை, இல்லையா?

மோராவை விரட்ட இந்த ஊரில் எல்லாருமே பூண்டு வைப்பார்கள். நீலக் கந்தல் எந்த வீட்டில் இல்லை?

19 நவம்பர்

ஃபிரானேயிடமிருந்து பிரேயஸ் துறைமுகத்துத் தபால் அட்டை: "டிங்கா, உன் பெட்டிக்கு ஒண்ணு. இங்கே ஒரு பொம்பளை தன் பிள்ளைங்களைப் பாத்து மோரா, மோரான்னு கூப்பிட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கேட்டா, கிரேக்கத்துல குழந்தைங்கன்னு அர்த்தமாம்! மகளுக்கு என் முத்தம்."

மேலே கொண்டுபோய்ப் படித்துக்காட்ட எடுத்தேன். வைத்துவிட்டேன்.

22 நவம்பர்

என்ன செய்துவிட்டேன். என்ன செய்துவிட்டேன் நான்.

மூன்று நாளாகத் தெற்குக் காற்று. அந்த ஈரத்தில் உப்பு ஜாடி முழுக்க நீர்விட்டுக் கூழாகிவிட்டது. அடுப்பில் கீரையும் உருளையும் கொதித்துக்கொண்டிருந்தன. காலை ஏழு மணி. யோசிக்கவே இல்லை, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடிக் கதவைத் தட்டினேன்.

"நேவா, ஒரு பிடி உப்பு கொடேன்."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை. உள்ளே பெரீனா அத்தை, காபிக் கோப்பை உதட்டருகே அப்படியே நின்றுவிட்டது. மேஜையில் ஒரு தட்டு. அதில் ஒரு துண்டு ரொட்டி, பக்கத்தில் சிறு குவியலாக உப்பு. தயாராக.

ராத்திரி நேவென்கா சொல்லியிருக்கிறாள். என் அட்டையில் இருக்கும் அதே வாக்கியத்தை.

இந்த ஊரில் எந்த முட்டாளும் விடியற்காலையில் பிள்ளை பெற்ற வீட்டில் உப்பு கேட்கப் போகமாட்டாள். அதைக் கைப்பட எழுதியவள் போனேன்.

"ஜாடியில உப்பு நீர்விட்டுடுச்சு" என்றேன். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"படிச்சவளே, நீயா?" என்றாள் அத்தை. கோபமாகக்கூட இல்லை.

நேவென்கா தட்டை நீட்டினாள், என் விரல் படாதபடி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. வாங்கிக்கொண்டு இறங்கினேன். கீரை அடிப்பிடித்திருந்தது.

23 நவம்பர்

மேல்மாடிச் சாவித்துளையில் சிவப்புக் கம்பளி அடைத்திருக்கிறது.

25 நவம்பர்

நேவென்கா படியில் நின்று பேசினாள். இறங்கி வரவில்லை.

"ஞானஸ்நானத்துக்குப் பெரீனா அத்தை தூக்கிக்குவாங்க. சாமியார்கிட்ட சொல்லிட்டேன்."

"அண்ணன்கிட்ட?"

"எழுதிட்டேன்." ஒரு படி மேலே ஏறி நின்று, "டிங்கா, நீ தெரிஞ்சு செய்யறேன்னு நான் சொல்லலடி. தெரியாமத்தான் செய்வாங்களாம். நீயே சொன்னியே."

ஆமாம், நானே சொன்னேன்.

28 நவம்பர்

எழுந்தபோது இரவு உடையின் கைமடிப்பில் சிவப்புக் கம்பளி இழை. சுண்டுவிரல் நீளம்.

அந்தக் கதவைத் தொட்டேனா? 23ஆம் தேதி குனிந்து பார்த்தேன், அது நினைவிருக்கிறது. தொட்டிருக்கலாம். ஆனால் அன்று உடுத்தியிருந்தது சாம்பல் நிறக் கோட்டு.

இழையை அட்டைப்பெட்டியில் போட்டேன். 'மோரா'வுக்குப் பின்னால். வேறு எங்கே வைப்பது?

1 டிசம்பர்

அகராதி அலுவலகத்திலிருந்து ஓர் அட்டை திரும்பி வந்திருக்கிறது. முதல் பொருளுக்கான அட்டை: 'சிவப்புச் சட்டையோடு பிறந்து, ஊருக்குச் சொல்லப்படாதவள்.' ஆசிரியரின் பச்சை மை: "சொன்னவர் பெயர், ஊர், பிறந்த ஆண்டு எங்கே? பெயரில்லாத அட்டையைச் சேர்க்க இயலாது. விதி தெரிந்தவர்தானே தாங்கள்?"

அந்த வரியை நான் மறந்து விடவில்லை. தெரிந்தே விட்டுவிட்டேன்.

மேலே குழந்தை அழுகிறது. வீக்கம் வடியவில்லையாம், அத்தை கிணற்றடியில் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். மோராவுக்கு எதுவும் மிஞ்சக் கூடாதென்று அமுக்கிப் பால் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள், சிவந்துவிட்டது. அமுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே! கத்த வேண்டும்போல இருந்தது. நான் கத்தினால் இனி யார் கேட்பார்கள்?

நான் அதுவா, இல்லையா என்பது இப்போது பெரிதில்லை. அவர்கள் நம்பும் வரைக்கும் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். புண்ணாகும். சீழ் வைக்கும்.

5 டிசம்பர், ஞாயிறு

செய்துவிட்டேன்.

பூசை முடிந்து பெண்கள் தெருவில் வரும் நேரம். வாசற்கதவை இரண்டு பக்கமும் திறந்தேன். படியில் நின்றேன். கத்தினேன்.

"இந்த வீட்டுல ஒரு பொண்ணு சிவப்புச் சட்டையோட பிறந்திருக்கா! ஊரே கேளு!"

மூன்று தடவை. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

தெரு நின்றது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெரீனா அத்தை நெருங்கி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எப்போ பிறந்தா?"

"நாப்பத்தேழுல."

"இருபத்திநாலு வருஷம் கழிச்சா சேதி சொல்றே? தபால்காரன்கூட உன்னைவிடச் சுறுசுறுப்புடி." சொல்லிவிட்டுத் தன் கறுப்புச் சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள். "உங்கம்மா கல்நெஞ்சுக்காரி. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்ல."

மேலே ஜன்னலில் நேவென்கா. அழுதாளா என்று தெரியவில்லை, வெளிச்சம் எதிரே அடித்தது.

"நேவா," என்று கத்தினேன், "இனிமே அமுக்காதே! சொல்லியாச்சு, இனிமே அமுக்காதே!"

7 டிசம்பர்

கனவே இல்லாமல் தூங்கினேன். இரண்டு இரவுகளாக.

9 டிசம்பர்

வீக்கம் வடிகிறது. டாக்டர் சொன்ன நாள் கணக்கும் இதுதான், ஊருக்குச் சொன்னால் தீரும் என்ற அத்தையின் கணக்கும் இதுதான். இரண்டு பேருமே ஜெயித்தார்கள்.

நேவென்கா தானே இறங்கி வந்தாள். சாவித்துளைக் கம்பளியைப் பிடுங்கி என் கண் முன்னால் படியில் எறிந்தாள்.

"வா. வந்து உன் பொண்ணைத் தூக்கு. சாமியார்கிட்ட மறுபடி ஞானத்தாய் பேரை மாத்தச் சொன்னா, 'உங்க வீட்டுக்கு மட்டும் தனி ரெஜிஸ்தர் போடணும்'னு சலிச்சுக்கிறாரு."

தூக்கினேன். கனமே இல்லை. கண் திறந்திருந்தாள். இத்தனை சின்னக் குழந்தை இவ்வளவு நேரம் இமைக்காமல் பார்க்குமா?

அவள் போன பிறகு படியிலிருந்து கம்பளியை எடுத்துவைத்தேன். வீணாக்குவானேன்.

12 டிசம்பர், ஞாயிறு

ஞானஸ்நானம். லூச்சியா என்று பெயர் வைத்தோம். தண்ணீர் ஊற்றியபோது அவள் அழவில்லை. பெரீனா அத்தை பின்னால் நின்று, "சமத்து" என்றாள், பிறகு மெதுவாக, "ரொம்பவே சமத்து."

மாலையில் அட்டையை நிரப்பினேன். சொன்னவர்: டிங்கா. பிறந்த ஆண்டு: 1947. ஊர்: இவ்வூர். நாளைத் தபாலில் போகும்.

15 டிசம்பர்

நேற்று இரவு என் நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்திருந்தது. பெரிதில்லை. சின்னது. பூனைக்குட்டிக் கனம்தான், ஆனாலும் மூச்சு ஏறவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஆனதே இல்லை. அந்த வாக்கியம் மனப்பாடம். வாய் திறக்க முடிந்ததும் சொன்னேன்.

காலையில் எழுந்து, வெட்கமாக இருந்தாலும், ரொட்டியில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன். புது உப்பு ஒரு பிடி.

ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நேவென்கா, இடுப்புக்கு மேல் சால்வையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு.

"இவ விடிஞ்சதிலேர்ந்து ஒரே அழுகை. படி இறங்கினதும் நிறுத்திட்டா பாரேன், கதவைத் தட்டற வரைக்கும் மூச் விடல. அடியே, உன்கிட்ட உப்பு இருக்கா? என் ஜாடியும் நீர்விட்டுடுச்சு."

லூச்சியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பைக் கொடுத்தேன். ரொட்டியையும் கொடுத்தேன்.

"ரொட்டி எதுக்குடி?" என்று சிரித்தாள்.

நான் சொல்லவில்லை.

அவர்கள் மேலே போன பிறகு, அந்தச் சிவப்புக் கம்பளியை எடுத்து என் கதவின் சாவித்துளையில் அடைத்தேன்.