மைன்ஸ் இருமல் கணக்கில் வராது

ஊரிகம்
24.5.2021, திங்கள் காலை

என் கண்ணு அனிலுக்கு அம்மா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஜுரம் சளி எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று கங்கையம்மனைக் கும்பிட்டுக்கொண்டே ஆரம்பிக்கிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை, அதை எழுத எனக்குக் கை வரவில்லை. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் லைன் வீடு உனக்குத் தெரியாததா, நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, இந்தப் பக்கம் பேசினால் பக்கத்து நாகேஷ் வீட்டில் கேட்கும், இருமினால் அதற்கு அடுத்த வீட்டிலும் கேட்கும். இது வாய்விட்டுப் பேச முடியாத விஷயம். அதனால் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், ஒவ்வொரு தாளிலும் மேலே நம்பர் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி, பதறாதே. உன் அப்பாவுக்கு அஞ்சு நாளாக ஜுரம். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று உன் தலைமேல் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு நான் மீறப் போகிறேன். உன்மேல் செய்த சத்தியம், உனக்குச் சொல்லாமல் மீற மனசு வரவில்லை.

எல்லாம் அந்த மூங்கில் கம்பில் ஆரம்பித்தது. லாக்டவுன் போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை லைன் முழுக்கக் குழாயடியில் கூடினோம். காலையில் ஆறிலிருந்து பத்து வரை கடை, மற்ற நேரம் வெளியே வரக் கூடாது என்று சர்க்கார் சொன்னது போதுமா, நாமே இன்னும் இறுக்க வேண்டுமா என்று பேச்சு. நாகேஷ்தான் முதலில் எகிறினான். பெங்களூரில் கொரியர் வேன் ஓட்டுகிறவன், அவனுக்குப் பாஸ் இருக்கிறது. மாமா, நீ பென்ஷன் ஆளு, உள்ள குந்திக்கினு கெடக்கலாம், எனுக்கு வண்டி ஓடினாதான் அடுப்பு எரியும், மமதா வேற ஏழு மாசம், நாங்க இன்னா காத்தையா திங்கறது என்று கேட்டான். உன் அப்பா விடுவாரா. மைன்ஸ்ல, கீழ லெவல்ல விஷ கேஸ் வந்துச்சின்னா கதவ மூடுவாங்களா, இல்ல ஒவ்வொருத்தனா கூப்ட்டு உனுக்கு இன்னாபா கஷ்டம்னு கேட்டுக்கினு நிப்பாங்களா என்று ஒரு போடு போட்டார். லைனுக்கு இரண்டு பக்கமும் கம்பு கட்டுவது, பெங்களூர் போகிறவன் அங்கேயே இருந்துகொள்வது, இருமலோ ஜுரமோ வந்தால் அன்றைக்கே சர்க்கார் சுகாதாரத்தில் ஆஷா வேலை பார்க்கிற ஸ்வாதியிடம் சொல்வது, வீட்டுக்காரர் மறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது என்று முடிவானது. எதிர் வீட்டு மங்கம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இருமறவனெல்லாம் போவணும்னா இந்த லைன்ல யாருபா மிச்சம், நாய்ங்கதான் இருக்கும் என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டோம். கீழே இறங்கி வேலை செய்த பதினோரு பேர் இருக்கிறார்களே, கல் தூசி நெஞ்சில் இல்லாதவர் யார். அப்போதுதான் உன் அப்பா சொன்னார், மைன்ஸ் இருமல் கணக்குல வராது, அது நமக்குக் கம்பெனி குடுத்தது, கொரோனா குடுத்தது இல்ல என்று. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் கண்ணு. டிவியில் பிணம் எரிவதைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்தவள், கம்பு கட்டினால் நோய் உள்ளே வராது என்று அவ்வளவு நிம்மதி எனக்கு. நாகேஷ் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது மமதா வாசலில் நின்று அழுதாள். பிள்ளைத்தாச்சியைத் தனியாக விட்டுப் போகிறானே என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக் குழாயடியில் ஒட்டினார், கடைசி வரியில் மைன்ஸ் இருமலுக்கு விலக்கு என்று கோடு போட்டு எழுதினார்.

கோடி வீட்டு கிளமெண்ட் அண்ணன் போய்விட்டார் என்று சொன்னோமே, எப்படிப் போனார் என்று போனில் முழுக்கச் சொல்லவில்லை. நாலு நாள் இருமினார். அவர் பெண்டாட்டி ரெபேக்கா அக்கா, எப்பவும் இருக்கறதுதான் கங்கு என்று என்னிடம் சொல்லி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். ஸ்வாதி தினமும் பதினொரு மணிக்குக் கம்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, நிஜ ஹேளி, உண்மையச் சொல்லுங்க, யாருக்காச்சும் ஜுரம் இருக்கா என்று கேட்பாள். உன் அப்பாதான் இந்தப் பக்கம் நின்று, ஒருத்தருக்கும் இல்லம்மா, இது பழைய இருமல் என்று பதில் சொல்வார். ஒரே ஷிஃப்ட், ஒரே கேஜில் தோளோடு தோள் உரசிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள், அண்ணன் படுத்தபோது அப்பாதான் வெந்நீர் எடுத்துக்கொண்டு போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அஞ்சாம் நாள் உதடெல்லாம் நீலம். ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது, அப்பா கம்பியால் முறுக்கிக் கட்டின கம்பை அவிழ்க்க முடியவில்லை, கட்டிங் பிளேயர் தேடி எடுத்து வருவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடக் காட்டவில்லை, பிளாஸ்டிக்கில் சுற்றி நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள், ரெபேக்கா அக்கா ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

போன வெள்ளிக்கிழமை ஜூன் ஏழு வரைக்கும் லாக்டவுன் என்று செய்தி வந்ததும் மறுபடியும் குழாயடியில் கூட்டம். பாதிப் பேர் கம்பை எடுத்துப் போடு, இதனால்தான் அண்ணன் செத்தார் என்றார்கள். மங்கம்மா, இன்னும் இறுக்கணும், தண்ணிக்கு வீட்டுக்கு ஒரு ஆள்தான் வரணும், கெழவனுங்களையும் டெஸ்டுக்கு அனுப்பணும் என்றாள். ரெபேக்கா அக்கா தள்ளி நின்றாள், கழுத்தில் கறுப்புத் துணி. மைன்ஸ் இருமல் மைன்ஸ் இருமல்னு சொல்லியே என் மனுசன அனுப்பிட்டீங்க, அந்த ஒரு வரியாச்சும் அடிங்க காத்தவராயா என்று கையெடுத்துக் கும்பிட்டாள். உன் அப்பா தலையைத் தூக்கவில்லை. அவனுக்குச் சக்கரை இருந்துச்சிக்கா, அதான் என்றார். கை தூக்கச் சொன்னார்கள், மிச்சம் இருந்த பத்துக் கிழவர்களும் கை தூக்கினார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் நாங்களும் தூக்கினோம். அந்த வரி அப்படியே நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா குனிந்து குனிந்து இருமினார், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். அதற்கு முந்தின நாளே அவர் உடம்பு கொதித்தது எனக்குத் தெரியும். அவர் இருமலோடு இருபத்தைந்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், காலையில் டீ குடித்ததும் சளியோடு வரும், துப்பினால் அடங்கிவிடும். இது வறட்டு இருமல், நாள் முழுக்க விடவில்லை. சனிக்கிழமை பால் பொங்கிக் கருகி வீடே புகை, அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்த மனுஷனுக்கு வாசனையே தெரியவில்லை.

ஸ்வாதிகிட்ட சொல்லிடலாம் என்றேன். வாய மூடிக்கினு இருமே, ஊருக்குச் சட்டம் போட்டவன் நானு என்று பாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மைன்ஸ் மூடின அன்றைக்குக்கூட அழாத மனுஷன், குழந்தை மாதிரி அழுதார். இருவத்தி ரெண்டு வருசம் கீழ எறங்கினேன்மே, எறங்கின அத்தன தபாவும் மேல வந்தேன், இந்த வண்டில ஏத்துனா வரமாட்டேன், கிளமெண்ட அனுப்பின மாதிரி என்ன அனுப்பிடாத என்றார். டிவி மேலே இருக்கிற உன் போட்டோவை எடுத்து, அனில் தலைமேல கைய வச்சி சொல்லு என்றார். நான் வைத்தேன். நேற்று வீடியோவில் சட்டை போட்டுக்கொண்டு உன்னிடம் சிரித்துப் பேசினாரே, மாத்திரை போட்டு ஜுரம் இறங்கின பத்து நிமிஷம் அது, போனை வைத்ததும் சாய்ந்துவிட்டார். அவருக்காக மட்டும் மறைத்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்கும் வெட்கம். என்னா பேச்சு பேசினான், இப்ப பாரு என்று லைன் முழுக்கச் சொல்லுமே, ரெபேக்கா அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்று நானும் கம்மென்று இருந்துவிட்டேன். கிளமெண்ட் அண்ணனுக்கு நடந்தது கண்ணுக்கு முன்னால் நடந்தும் அதையேதான் நானும் செய்தேன்.

இப்போது பயம் வேறு மாதிரி வந்துவிட்டது. மமதா பாவம், சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருமுகிறாரே என்று நேற்றுக் கஷாயம் வைத்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தூரப் போ என்று சொல்ல வேண்டியவள், பழைய இருமல்தான்டி என்று சொல்லி டம்ளரைக் கையால் வாங்கினேன். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம். இரண்டு தடவை. என்னாடி மமதா என்று கேட்டேன், புரை ஏறிடிச்சி ஆன்ட்டி என்றாள். புரையாகவே இருக்கட்டும் தாயே என்று கும்பிட்டேன். வயிற்றில் பிள்ளையோடு தனியாகக் கிடக்கிறாள், புருஷனைக் கம்புக்கு அந்தப் பக்கம் தள்ளியதும் நாங்கள், நோயைச் சுவருக்கு மேலே அனுப்பியதும் நாங்களா என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சுவரில் காது வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குக் காலையில் அப்பா படுக்கையிலிருந்து பின்கதவு வரைக்கும் போக நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தார். தண்ணி குடு என்று ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை, தண்ணி என்று சொல்லி நிறுத்தி, அப்புறம் குடு என்கிறார். இதற்குமேல் எதைப் பார்ப்பது.

பதினொரு மணிக்கு ஸ்வாதி வருவாள், விரலில் மாட்டிப் பார்க்கிற மெஷின் அவளிடம் இருக்கிறது. முதலில் மமதாவைப் பாரு, அப்புறம் எங்கள் வீட்டுக்கு வண்டி கூப்பிடு என்று சொல்லப் போகிறேன். எனக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்வேன். கட்டிங் பிளேயர் எடுத்து வைத்துவிட்டேன், வண்டி வருவதற்கு முன்னால், மறுபடி கட்டியிருக்கிற கம்பின் கம்பியை நானே வெட்டிவிடுவேன், போகிற வழியில் குழாயடித் தாளையும் கிழித்துப் போடுவேன். நாகேஷுக்கும் நானே போன் பண்ணிச் சொல்கிறேன், திட்டினால் திட்டட்டும். உன்மேல் செய்த சத்தியத்துக்கு, மீறினவள் நான், எது வந்தாலும் என் தலையில் விழட்டும், பிள்ளையைத் தொடாதே என்று கங்கையம்மனிடம் முறையிட்டுவிட்டேன். இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன. ஒரு ரூமில் எட்டுப் பேர் படுக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்து வை, மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்காதே, ஒரு வாரத்துக்கு ரோடு தாண்டும்போது பார்த்துத் தாண்டு. பிளைட் டிக்கெட் அது இது என்று அலையாதே, வந்தாலும் அவரைப் பார்க்க விடமாட்டார்கள். பேத்தமங்களா சித்தி தக்காளி விற்கவில்லை என்று ஒரு கூடை கொடுத்தனுப்பியிருக்கிறாள், தின்னத்தான் ஆளில்லை.

நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கங்கையம்மன் உனக்குத் துணை இருப்பாள். ஒன்று மட்டும் மறக்காதே. அப்பாவின் பட்டன் போனை அவர் சட்டைப் பையில் போட்டுத்தான் அனுப்புவேன். என்னிடம் பேசமாட்டார், உனக்குத்தான் போன் பண்ணுவார், உன் தலைமேல் சத்தியம் பண்ணிவிட்டு உன் அம்மா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று கத்துவார். எனக்காக ஒரு வார்த்தை பேசாதே, நடுவில் குறுக்கிடாதே, எவ்வளவு நேரம் கத்துகிறாரோ கத்த விடு. மூச்சு வாங்க நிறுத்தாமல் எத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலத் திட்டுகிறார் என்று எண்ணி, அதை மட்டும் எனக்குச் சொல்.

உன் அம்மா
கங்கம்மா