வெட்டுக் கட்சியும் கட்டுக் கட்சியும்

மார்ச் 3, 1964, செவ்வாய்

தாராவியின் சக்கரவர்த்தி, கைவண்டி இழுக்கும் தேரோட்டி ஆகிய எனக்கு இன்று போர் வந்திருக்கிறது. என் தங்கச்சி மகன் இசக்கியின் கழுத்தில் கரிக்கட்டை போல் ஒரு வட்டம், சுற்றிலும் வீக்கம். தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோல் சுமக்கும் பையன்.

“யாருல சூடு வச்சது?”

“தெரியல மாமா. வலிக்கவும் இல்ல.”

வலிக்கவில்லையாம்! எங்கள் குலத்து ரத்தம் அல்லவா! யார் என்று எனக்கா தெரியாது? அதே ஷாப்பில் சுமக்கும் சொரிமுத்துதான். போன வாரம் சாராயக் கடையில், வாயில் சுருட்டோடு, இசக்கியைப் பார்த்து “ஒன் கழுத்துல சூடு போடுதேன்ல” என்று கத்தியவன்.

மார்ச் 4

அடித்தேன். சொரிமுத்துவைப் பார்த்து நான் உறுமியதில் மாஹிம் கடல் மைல்கணக்கில் உள்வாங்கியது. வண்டிக் கட்டையைச் சுழற்றியதில் காக்கைகள் கல்யாண் நகரத்துக்குக் குடிபெயர்ந்தன.

“நான் சூடு போடலவே! எங்க அம்மை சத்தியமா இல்லவே!”

மறுபடி அடித்தேன். அவன் இடது முழங்கையில் ‘மடக்’ என்றது.

அந்தச் சத்தத்தை மட்டும் நான் பெரிதாக்கி எழுதவில்லை.

மார்ச் 5

இசக்கிக்குக் காய்ச்சல். கழுத்து முகத்தோடு ஒன்றாகிவிட்டது. சூடு பட்டால் இப்படியா வீங்கும்?

மார்ச் 6

மாட்டுங்கா டாக்டர் சுந்தரராமன் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

“சூடாவது மண்ணாவது! மாட்டுத் தோல்லேர்ந்து வந்த கிருமி ஓய். சூடுன்னா வலிக்காதோ? இது வலிக்காது. ஆளைக் கொன்னுடும்.”

பென்சிலின் ஊசி போட்டார். அது என்ன என்று கேட்டேன். “ஆன்டிபயாடிக். ஒருத்தர் ஒரு தட்டுல கிருமி வளர்த்திருந்தார். அதுல பூசணம் விழுந்தது. சுத்தியிருந்த கிருமியெல்லாம் செத்துப்போச்சு. நுண்ணுயிர் ஒண்ணு இன்னொண்ணைத் தீர்த்துக்கட்டக் கக்கற விஷம், அவ்வளவுதான்.”

அடடா, அப்படியே தாராவி!

“அதுலயும் ரெண்டு வகை. பென்சிலின் கொல்லும். இன்னொண்ணு கொல்லாது, பெருக விடாம கட்டிப்போடும். மிச்சத்தை உடம்பு பாத்துக்கும்.”

வெட்டுக் கட்சி, கட்டுக் கட்சி என்று அவற்றுக்கு நான் பட்டம் சூட்டினேன். நான் பிறவியிலேயே வெட்டுக் கட்சி.

“அப்ப சொரிமுத்து?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

“அது யாரு?”

“யாருமில்லீங்க.”

மார்ச் 8, ஞாயிறு

பல்லில்லாத வாயோடு எழுதுகிறேன். சொரிமுத்து வந்தான் — இடது கை கழுத்துத் தூளியில், வலது கையில் தோல் சீவும் கத்தி. கைப்பிடியால் வாயில் குத்தினான். முன்பற்கள் போயின. தோளில் ஒரு கீறல். ஓடிய ரத்தத்தில் படகு விடலாம். மறுபடி ஓங்கியபோதுதான் பார்த்தேன். கன்னத்தில் அதே கரி வட்டம்.

“ஏலே, அது என்னல கன்னத்துல?”

“நீரு அடிச்ச அடிதாம்வே!”

“வலிக்குதாலே?”

“இல்ல. அதுக்கென்ன இப்ப?”

சூடுமில்லை, அடியுமில்லை, அதே கிருமி. இவனை விட்டு ஓடினால் இவன் செத்துப்போவான். ஓடாவிட்டால் நான். விளக்கம் சொன்னால் கேட்கிற நிலையிலா இருந்தான்? வண்டிக் கயிற்றை எடுத்தேன். கடித்தான், உதைத்தான், என் மூதாதையர் எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தான். மூட்டையாகக் கட்டி வண்டியில் போட்டேன். நூறு யானை பலம் என்று எழுத ஆசைதான். ஒரு கை ஒடிந்தவன் என்பதால்தான் முடிந்தது. ஒடித்தது யார்?

மாட்டுங்கா முழுக்க வேடிக்கை பார்த்தது.

“என்ன ஓய், பேஷண்டைக் கட்டிண்டு வந்திருக்கீர்?”

“கட்டுக் கட்சி, டாக்டர்” என்றேன். கன்னத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 9

சோதனைக்குத் துளி பென்சிலின் குத்தியதிலேயே சொரிமுத்துவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கொல்லும் வகை அவனுக்கு ஆகாதாம். டெட்ராசைக்ளின் மாத்திரை, கட்டிப்போடும் வகை. “என்னையும் கட்டி, எனக்குள்ள கெடக்கதையும் கட்டுதீரோ” என்று முறைத்தான். முறைக்கத் தெம்பு இருக்கிறதே!

மார்ச் 15

இருவருக்கும் காய்ச்சல் விட்டது.

ஏப்ரல் 6, திங்கள்

ஷாப் வாசலில் வண்டியோடு நின்றேன். இசக்கி, தோல் மேலே படாதபடி கழுத்தில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு சுமந்தான். தன் பங்கு முடிந்ததும் சொரிமுத்துவின் குவியலுக்குப் போனான். சொரிமுத்து வலது கையால் தூக்கிவிட்டான். இடது கை மடங்கவில்லை. அதற்கு எந்தக் கட்சியிலும் மருந்து இல்லையாம், கேட்டுவிட்டேன்.

அந்தக் குவியலின் மறுபக்கத்தை நான் தூக்கினேன். சொரிமுத்து என் வெறுங்கழுத்தைப் பார்த்தான். சாக்கு ஒன்றை என் பக்கம் எறிந்தான்.