ஓட்டைப் பலகை

செப்டம்பர் 3, செவ்வாய்

வரலாற்றுத் தேர்வு நன்றாகவே எழுதினேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் வீட்டுக்காரர். "ஞாயிறு வரைக்கும் பாக்குறேன். அப்புறமும் மாடியில சத்தம் கேட்டா மோட்டாரைத் தூக்கிடணும்."

அம்மா பல்செட் செய்பவள். தேய்க்கும்போது பறக்கும் தூளை உறிஞ்சுவது அந்த மோட்டார்தான். அது போனால் வேலையும் போச்சு. ஆனால் மாடிவீட்டு நர்ஸ் அக்கா மேலும் தப்பில்லை. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நிற்பவர் பகலில்தானே தூங்க வேண்டும்?

செப்டம்பர் 4

மோட்டாரைப் போர்த்திப் பார்த்தோம். மூச்சுமுட்டிக் கொதித்துவிட்டது. காற்று போக வேண்டும், சத்தம் மட்டும் போகக் கூடாது.

நூலகத்துப் புத்தகத்தில் வழி இருக்கிறது! மெட்டாமெட்டீரியல் என்று பெயர். சூட்சுமம் பொருளில் இல்லை, வடிவத்தில். பலகையில் சிறு ஓட்டைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மூடிய அறை. புட்டியின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் முனகுமே, அப்படி. அறையின் சுருதியும் மோட்டாரின் சுருதியும் ஒன்றானால் சத்தத்தை அறை விழுங்கிவிடும். இரண்டு பலகைகளுக்கு நடுவே காற்று தாராளமாகப் போகலாம். மோட்டாரின் சுருதியைப் போனில் அளந்தேன்: 180 ஹெர்ட்ஸ்.

"ஓட்டையை வச்சு சத்தத்தை அடைக்கப் போறியா?" என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் நான் வரைந்த படத்தைத் தச்சருக்கு அனுப்பி, போனிலும் விளக்கினாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

பலகைகள் வந்தன. ஓட்டை ஒன்றுகூட இல்லை!! பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறார் தச்சர்.

"ஒளி தடுக்கிற பலகைன்னு சொன்னீங்களேம்மா? ஓட்டை போட்டப்புறம்தான் யோசிச்சேன், வெளிச்சம் வந்துடுமேன்னு. நானே சரிபண்ணிட்டேன்."

அம்மா வாயில் ஒலியும் ஒளியும் ஒன்றுதான். நாக்கை மடிக்காம சொல்லும்மான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! "பல்லு செய்யறவகிட்ட நாக்கைப் பத்திப் பேசறியா?" என்பாள். தச்சர் நாளைக்கு ஊருக்குப் போகிறாராம். திங்கள்தான் வருவார்.

அழுதேன்.

செப்டம்பர் 7

"சொத்தைப் பல்லுன்னு நினைச்சுக்கிட்டா போச்சு," என்று அம்மா தன் குடையும் கருவியை எடுத்தாள். அவள் குடைய, நான் அளந்தேன். ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் சுருதி ஏறிவிடும். ஒன்று வழுக்கி அகன்றுவிட்டது. ஈறு செய்யும் ரோஸ் நிறக் குழைவை வைத்து அடைத்து, இறுக விட்டு, மறுபடி குடைந்தாள்.

கதவு தடதடத்தது. தலைவிரிகோலமாக நர்ஸ் அக்கா.

"நாளைக்குத்தானேக்கா சோதனை? இன்னைக்கே என்னை முடிச்சிடுவீங்க போலிருக்கே!"

"உன் தூக்கத்துக்காகத்தாம்மா உன் தூக்கத்தைக் கெடுக்கிறோம்."

அக்கா சிரிக்கவில்லை. மாடிக் கதவைச் சாத்தினாரே — அந்தச் சத்தத்தை எந்தப் பலகையும் விழுங்காது.

மீதியைச் சிறு அரத்தால் கையாலேயே குடைந்தோம். அம்மாவின் விரலெல்லாம் கொப்புளம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். இது சரியாக வராவிட்டால்? புத்தகத்தை நம்பியது நான்தானே?

செப்டம்பர் 8, ஞாயிறு

மோட்டாரைச் சுற்றிப் பலகைகளைப் பொருத்தினோம். வீட்டுக்காரர் மாடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். நர்ஸ் அக்கா கட்டிலில். அம்மா கீழே மோட்டாரைப் போட்டாள்.

"கேக்குது," என்றார் அக்கா.

கண்ணை மூடி இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தார். "ஆனா மண்டைக்குள்ள குடையல. ஒரு வாரம் தூங்கிப் பாத்துட்டு சொல்றேன்."

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஒரு வாரம்!

செப்டம்பர் 10

மாடியிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. இது நல்லதா, கெட்டதா?

செப்டம்பர் 13, வெள்ளி

பள்ளி விட்டு வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் அலாரம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

அம்மா கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தாள். "ஐயோ, அவளுக்கு டூட்டிக்கு நேரமாச்சேடி! ஓடு, ஓடு!"

ஓடிப்போய்க் கதவை இடித்தேன். ரொம்ப நேரம் இடித்த பிறகுதான் திறந்தார். கன்னத்தில் தலையணைக் கோடு.