மகிழினியின் கால் அளவு

மஸ்கட்

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் ஒரு வேடிக்கை. நான் கார் ஓட்டும் வீட்டுப் பையனுக்கு, குழந்தை சீட்டில் கால் தொங்கி மரத்துப்போகிறது. கால் வைக்கும் பலகை ஒன்று வாங்கிவரச் சொன்னார்கள். கடையில் மலையாளிப் பெண் கால் நீளம் கேட்டாள். கையை விரித்துக் காட்டினேன்.

"நாலு வயசுன்னல்லே சொன்னீங்க சேட்டா? இது ரெண்டு வயசுக் காலாச்சே" என்று சிரித்தாள்.

நான் காட்டியது நம் மகிழினியின் கால். சின்னமனூர் போகும்போது டிவிஎஸ்ஸில் முன்னால் என் பாதத்தின்மேல் ஏறி நின்று, "மெல்லப் போப்பா, மலை ஓடுது" என்பாளே, அந்தக் கால். நான் கிளம்பியபோது இருந்த அளவு அப்படியே கையில் நின்றுவிட்டது.

ஏற்றி இறக்கும் பலகையாகப் பார்த்து வாங்கினேன். பையன் இப்போது தூங்கிக்கொண்டே வருகிறான்.

லீவில் ஊருக்கு வரும் நம்மூர்ப் பையன் சங்கிலியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். மகிழினியின் பாதத்தைத் தாளில் வரைந்து அவனிடமே கொடு, செருப்பு வாங்க வேண்டும். வீடியோவில் முகம் மட்டும்தான் தெரிகிறது. இனிப் பேசும்போது போனைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அவளை நடக்கச் சொல்.

வண்டி எடுக்கக் கூப்பிடுகிறார்கள்.

உன்
ஈஸ்வரபாண்டி